முகத்தை அளத்தல்: கீரிமலை ஐதிகமும் மருத்துவ நிழற்படத்தின் வரலாறும்

1. தோற்றுவாய்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கு மேற்கே, கடலுக்கு மிக அண்மையில் நன்னீர் ஊற்றொன்றைக் கொண்டு விளங்குவது கீரிமலை. சுண்ணாம்புக்கல் நிலத்தினூடே வடிந்துவரும் மழைநீர் உவர்க்கடலின் ஓரத்திற் கேணியாகத் திரளும் இவ்விடம் நகுலேசுவரம் என்னும் சிவத்தலத்தாலும் தீர்த்தச் சிறப்பாலும் பெயர் பெற்றது. இத்தீர்த்தத்தைப் பற்றி வழங்கும் ஐதிகங்கள் இரண்டு. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இங்கு நீராடி அம்முகம் நீங்கப்பெற்றார் என்பது ஒன்று. நோயும் குதிரைமுகமும் வாய்க்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கு நீராடி மனித முகம் பெற்றாள் என்பது மற்றொன்று. குதிரையைக் குறிக்கும் ‘மா’ என்னும் சொல்லைக் கொண்டு, குதிரைமுகம் விட்ட புரமே மாவிட்டபுரம் ஆயிற்று என்று ஊர்ப்பெயருக்கு விளக்கங் கூறுவதும் இக்கதையின் வழியதே. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் தொகுத்த யாழ்ப்பாண வைபவமாலையும் இளவரசியின் கதையைப் பேணி வைத்துள்ளது.

இக்கதைகளின் வரலாற்றுண்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டும் முகத்தைப் பற்றியவை. இரண்டும் முகம் மாறியது என்று கூறுபவை என்பதே நாம் இங்கு மனங்கொள்ள வேண்டியது. ஐதிகத்திற்கு அக்கூற்று ஒன்றே போதும். மருத்துவத்திற்கு அது போதாது. முகம் மாறியது என்று ஒரு மருத்துவர் கூறுவாராயின், எவ்விடத்தில், எவ்வளவு, எதனோடு ஒப்பிட என்ற வினாக்கள் எழுகின்றன. அவ்வினாக்களுக்கு விடை கூறுவதற்கென்றே மருத்துவ நிழற்படத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகள் மருத்துவமனையில் மட்டும் பிறந்தவையல்ல. அவற்றுட் பல மனிதரை இனமாகவும் சாதியாகவும் குற்றவாளியாகவும் வகைப்படுத்த முனைந்தவர்களின் கையிற் பிறந்தவை. ஒரே கருவி எவ்வாறு இருவேறு நோக்கங்களுக்குப் பயன்பட்டது, நமது நாட்டு முகங்கள் அவ்வரலாற்றில் எவ்விடத்தைப் பெற்றன என்பவற்றை நோக்குவதே நமது எண்ணம்.

2. சிற்பநூலார் கண்ட அளவு

முகத்தை அளக்கும் எண்ணம் நமக்குப் புதியதன்று. சிற்பநூல்கள் படிமத்தின் உயரத்தைத் தாலம் என்னும் அலகால் வகுத்தன. தாலம் என்பது முகத்தின் நீளம். அது பொதுவாகப் பன்னிரண்டு அங்குலமாகக் கொள்ளப்படும். முகமும் தலைமயிர் எல்லையிலிருந்து புருவம் வரை, புருவத்திலிருந்து மூக்கின் அடிவரை, மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை என மூன்று சம கூறுகளாக வகுக்கப்படும். இன்றைய முகச் சத்திரசிகிச்சை நூல்களும் முகத்தை இதே மூன்று கூறுகளாகப் பிரித்தே ஆராய்கின்றன என்பது இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. சிற்பநூலார் அங்குலத்தைப் பலவகையாக வகுத்தனர். யவதானியத்தின் அளவைக் கொண்டு பெறப்படுவது மானாங்குலம். விரலின் அளவைக் கொண்டு பெறப்படுவது மாத்திராங்குலம். படிமத்தின் உயரத்தையே குறித்த எண்ணாற் பகுத்துப் பெறப்படுவது தேகலப்தாங்குலம். கடைசியிற் கூறியது படிமத்திற்கு வெளியே பொருளற்றது. உறுப்புகள் ஒன்றுக்கொன்று எவ்விகிதத்தில் உள்ளன என்பதை அது கூறும். உறுப்பு உண்மையில் எத்தனை நீளம் என்பதைக் கூறாது.

அளவுகோல் வைக்காது எடுக்கப்பட்ட நிழற்படமும் இத்தகையதே. அதனைக் கொண்டு மூக்கின் அகலம் முகத்தின் அகலத்தில் எத்தனை பங்கு என்று கூறலாம். மூக்கின் அகலம் எத்தனை மில்லிமீற்றர் என்று கூறவியலாது. கோயிற் சிற்பிக்கு விகிதமே வேண்டியதாயிருந்தது. வளரும் குழந்தையின் தாடை ஓராண்டில் எவ்வளவு வளர்ந்தது என அறிய விரும்பும் மருத்துவருக்கு விகிதம் மட்டும் போதாது. புறத்தேயுள்ள அலகும் வேண்டும். சிற்பநூலாரின் மொழியிற் கூறின், தேகலப்தாங்குலத்தோடு மானாங்குலமும் வேண்டும்.

3. மெழுகுத் தகடும் ஓவியமும்

சிகிச்சைக்குப் பின்னுள்ள முகத்தைப் படமாகக் காட்டி உலகை நம்பவைத்த நிகழ்ச்சிகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்று இந்தியாவிலேயே நிகழ்ந்தது. 1792 ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படையுடன் எருது ஓட்டுநராகச் சென்ற மராட்டியரான கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினராற் சிறைப்பிடிக்கப்பட்டார். அவரது மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறக்குறைய ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் பூனாவை அடுத்த இடத்தில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கமைத்தார். இலண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மன்ஸ் மகசின்’ என்னும் இதழ் 1794 ஒக்டோபரில் இச்செய்தியை வெளியிட்டது. சிகிச்சை நடைபெற்றுப் பத்து மாதங்களின் பின்னர், 1794 சனவரியில் ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் நேரிற் கண்டு வரைந்த உருவமே அச்செய்திக்குத் துணையாக நின்றது. அச்செய்தியால் ஊக்கம் பெற்ற கார்ப்பியூ என்னும் ஆங்கிலச் சத்திரசிகிச்சையாளர் 1814 இல் இம்முறையைக் கையாண்டு, 1816 இல் அதனை நூலாக வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சியில் அளவு எவ்வாறு இடம்பெற்றது என்பதே நமக்கு வேண்டியது. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கிழந்த இடத்திற் பொருத்தி மூக்கின் வடிவம் பெறப்பட்டது. பின்னர் அத்தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து, அக்கோட்டின் வழியே தோல் அறுக்கப்பட்டது. எண் எதுவும் இல்லை. எனினும் அளவு பிழைக்கவில்லை. உடலின் ஓரிடத்து அளவு உடலின் மற்றோரிடத்துக்கு நேரே மாற்றப்பட்டது. ஆனால் ஓவியமோ இத்தகைய உறுதி உடையதன்று. மூக்கு பொருந்தியிருப்பதை அது காட்டும். வெட்டுண்ட நிலையில் இருந்த முகத்தை அதே தூரத்திலும் அதே நோக்கிலும் நின்று வரைந்த துணைப்படம் இன்மையால் ஒப்பீட்டுக்கு இடமில்லை. சிகிச்சை செய்த கை துல்லியமாக அளந்தது; சாட்சி கூறிய படம் அளக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்பக் கமரா வரவேண்டியிருந்தது.

4. வகைப்படுத்தற் பொருட்டு வந்த விதிகள்

1839 இல் நிழற்படக்கலை உலகறிய வெளிப்பட்டது. கமரா உள்ளதை உள்ளவாறே காட்டும் என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. ஆனால் உள்ளதைக் காட்டும் படங்கள் யாவும் அளவிடத்தக்க படங்களல்ல. புகழ்பெற்ற ஆங்கில நிழற்படக் கலைஞரான யூலியா மார்கரெட் கமரன் 1875 முதல் 1879 இல் இறக்கும்வரை பெரும்பாலும் இலங்கையிலேயே வாழ்ந்தார். இந்நாட்டு மக்களையும் படமெடுத்தார். மென்மையான குவிவும் சாய்ந்த ஒளியும் அவரது படங்களுக்கு அழகு சேர்த்தன. அவ்வழகே அவற்றை அளவிடவொண்ணாதவையாக்கிற்று. முகத்தின் விளிம்பு இருளில் மறையும்போது அளவுகோலை எங்கே வைப்பது?

அளவிடத்தக்க படத்திற்கான விதிகளை முதலில் முறையாக வகுக்க முயன்றவர்கள் மனிதவினங்களை ஆராய்ந்தவர்களாவர். 1869 இல் ஹக்ஸ்லி, பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாட்டு மக்களை உடையின்றி, அளவுகோலின் அருகே நிறுத்தி, முன்தோற்றமாகவும் பக்கத்தோற்றமாகவும் படமெடுக்குமாறு விதி வகுத்தார். அதே ஆண்டில் லாம்பிறே என்பவர், ஆங்கில அளவில் இரண்டு அங்குலச் சதுரங்கள் அமையுமாறு பட்டுநூல் கட்டிய சட்டத்தின் முன் ஆளை நிறுத்தும் முறையை வெளியிட்டார். அந்தமான் தீவுகளில் அதிகாரியாயிருந்த போர்ட்மன், 1890 களில் அத்தீவினரைச் சதுரக் கட்டமிட்ட திரையின் முன்னிறுத்திப் படமெடுத்தார். இலங்கையில், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் ஆகிய இருவரும் 1880 களின் நடுப்பகுதியில் ஆய்வு நடாத்தி, வேடரையும் அவரைச் சூழ வாழும் மக்களையும் பற்றிய பெருநூலை நிழற்படத் தொகுதியுடன் 1892-93 இல் வெளியிட்டனர். சென்னை அரும்பொருளகத்தின் பொறுப்பாளரான எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளுடன் தென்னிந்திய மக்களை அளந்தார். அவரது ஏழு தொகுதி நூல் 1909 இல் வெளிவந்தது.

இக்காலத்து இரு செய்திகள் பின்னர் மருத்துவத்துக்கும் பயன்பட்டன. முதலாவது தலையை நிறுத்தும் முறை. 1882 இல் ஜேர்மனியின் பிராங்பேட் நகரிற் கூடிய மானிடவியலாளர், கண்குழியின் கீழ்விளிம்பின் தாழ்ந்த புள்ளியையும் காதுத்துளையின் மேல்விளிம்பையும் இணைக்கும் தளம் கிடையாக இருக்குமாறு தலையை நிறுத்தி அளத்தல் வேண்டும் என உடன்பட்டனர். இதுவே இன்றும் பிராங்பேட் கிடைத்தளம் என வழங்குவது. இரண்டாவது, பாரிஸ் காவற்றுறையில் அல்போன்ஸ் பேட்டியோன் வகுத்த முறை. நிலைப்படுத்தப்பட்ட இருக்கை, மாறாத தூரம், முன்தோற்றமும் வலப்பக்கத் தோற்றமும், உருவம் ஏழில் ஒரு பங்காகக் குறுகுமாறு அமைந்த அளவு ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். குற்றவாளியை அடையாளங் காண்பதற்கென எழுந்த இவ்விதிகளின் சாயலை இன்றைய மருத்துவ நிழற்பட அறையிலும் காணலாம்.

வகைப்படுத்தும் நோக்கம் எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்கு மூக்கெண் என்னும் ஓர் அளவே போதிய சான்றாகும். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறாற் பெருக்கப் பெறுவது மூக்கெண். இது 70 இற்குக் குறைந்தால் ஒடுங்கிய மூக்கு. 70 இற்கும் 85 இற்கும் இடைப்பட்டால் நடுத்தர மூக்கு. அதற்கு மேற்பட்டால் அகன்ற மூக்கு. 1891 இல் வங்காள மக்களைப் பற்றி எழுதிய ரிஸ்லி, மூக்கெண் கூடக்கூடச் சாதிநிலை தாழும் என்னும் பொருள்படக் கூறினார். இத்தகைய எண்ணை நிழற்படத்திலிருந்து பெறுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவரது மூக்கின் அகலம் 34 மில்லிமீற்றர், உயரம் 50 மில்லிமீற்றர் எனின் மூக்கெண் 68 ஆகும். அவர் தலையை ஏறக்குறைய 16 பாகை சாய்த்திருந்தால் படத்தில் மூக்கின் உயரம் 48 மில்லிமீற்றராகச் சுருங்கும், அகலம் மாறாது. மூக்கெண் ஏறக்குறைய 71 ஆகிவிடும். தலை சாய்ந்தமையால் ஒரு மனிதர் ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்கு மாறிவிடுகிறார். அளவின் பிழை எளிதில் திருத்தத்தக்கது. மூக்கின் அகலத்தாற் சமூக நிலையை நிறுவலாம் என்ற கருத்தின் பிழை அத்தகையதன்று.

வங்காள அறிஞரான மகலனோபிஸ் ரிஸ்லியின் எண்களை மீள ஆராய்ந்து அவற்றிலுள்ள முரண்பாடுகளை 1933 இல் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு இந்திய விஞ்ஞானப் பேரவையில், உயிருள்ள மனிதரின் பக்கத்தோற்றத்தைப் பதிவுசெய்யும் புதிய நிழற்படக் கருவியொன்றைப் பற்றிய செய்தியையும் அவர் அளித்தார். முடிவுகளை ஐயுற்றவரே கருவியைத் திருத்தவும் முனைந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

5. மருத்துவமனையின் கையில்

நிழற்படம் மருத்துவத்துட் புகுந்த காலமும் அதுவே. எனினும் முகச் சத்திரசிகிச்சையில் அதன் இன்றியமையாமை முதலாம் உலகப் போரின்போதே தெளிவாயிற்று. முகஞ் சிதைந்த போர்வீரருக்கென இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917 இல் திறக்கப்பட்ட மருத்துவமனையில் ஹரோல்ட் கில்லிஸ் பணியாற்றினார். ஹென்றி ரொங்ஸ் என்னும் மருத்துவ ஓவியர் வீரரின் முகங்களை வண்ணத்தில் வரைந்தார். ஆனால் 1920 இல் கில்லிஸ் வெளியிட்ட நூலில், ஒரே நோயாளியின் முகம் சிகிச்சையின் படிநிலைகள்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதை நிழற்பட வரிசைகளே காட்டின. கவாஸ்ஜியின் படத்திற் காணாத ‘முன்’ என்னும் துணைப்படம் இங்கு இடம்பெற்றுவிட்டது.

1931 இல் அமெரிக்காவின் புறோட்பென்ற் தலையை நிலைநிறுத்தி எக்ஸ்-கதிர்ப் படமெடுக்கும் கருவியை வெளியிட்டார். கதிர் தோன்றும் இடத்திற்கும் தலையின் நடுத்தளத்திற்கும் இடையே ஐந்து அடித் தூரம் என்றும் மாறாது பேணப்பட்டது. ஆண்டுகள் கடந்தும் ஒரே குழந்தையின் தாடையென்பை ஒப்பிட இயன்றது அதனாலேயே. பின்னர் 1958 இல் மூரீசும் கீனும், என்புப் புள்ளிகளால் தலையை நிறுத்துவதினும், கண்ணாடியில் தன் கண்ணைத் தானே நோக்கி இயல்பாக நிற்கும் தலைநிலையே சிறந்தது என வற்புறுத்தினர். பிராங்பேட் தளம் ஆளுக்காள் சிறிது சாய்ந்திருக்கும் என்பதே அதற்குக் காரணம்.

அளப்பதற்குக் கருவி மட்டும் போதாது. அளக்கும் புள்ளிக்குப் பெயரும் வேண்டும். இத்துறையில் யாழ்ப்பாணத்தின் பங்கை நாம் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றித் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். 1867 இல் வெளிவந்த இரணவைத்தியம், 1872 இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களினூடாக என்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் தமிழ்ப் பெயர்கள் நிலைபெற்றன. கமரா கொண்டு முகத்தை அளந்தவரல்லர் அவர். ஆயினும் முகத்தின் பகுதிகளைப் பெயரிட்டு வேறுபடுத்தும் மொழியை நம்மவர்க்கு ஆக்கியவருள் அவர் முதன்மையானவர். நோயாளி தன் முகத்திற் செய்யப்படுவது யாதெனத் தன் மொழியில் விளங்கிக்கொள்ள வழி திறந்தமையும் அப்பணியின் பேறே.

6. நியமம் ஏன் வேண்டும்

நியமம் என்பது அலுவலகச் சடங்கு அன்று. எளிய கணக்கொன்றால் இதனை விளக்கலாம். மூக்கின் நுனி காதின் தளத்தினின்றும் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் முன்னே நிற்பதாகக் கொள்வோம். கமராவின் வில்லை மூக்கின் நுனியிலிருந்து 30 சென்ரிமீற்றரில் இருந்தால் காதின் தளம் 40 சென்ரிமீற்றரில் இருக்கும். எனவே மூக்கு காதினும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் படத்தில் விழும். வில்லை 150 சென்ரிமீற்றரில் இருந்தால் அவ்வேறுபாடு நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. சிகிச்சைக்கு முன் அருகிலும் பின் தூரத்திலும் நின்று படமெடுத்தால், கத்தி படாமலே மூக்குச் சிறுத்துவிட்டதாகத் தோன்றும். கைத்தொலைபேசியைக் கைந்நீளத்திற் பிடித்துத் தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டு மூக்குப் பெரிதென வருந்துவோர்க்கும் இக்கணக்கே விடை.

இவ்விடத்து ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் நன்று. வில்லையின் குவியத்தூரம் முகத்தைத் திரிப்பதில்லை; திரிப்பது தூரமே. குறுங்குவிய வில்லை திரிப்பதாகத் தோன்றுவது, சட்டத்தை நிரப்பும்பொருட்டு நாம் அருகே செல்வதால் ஆகும். 35 மில்லிமீற்றர்ப் படச்சுருள் வழங்கிய காலத்தில், மருத்துவ நிழற்படவியலாளர் 100 மில்லிமீற்றரை அண்மிய குவியத்தூரமுடைய வில்லையை விரும்பியதன் காரணமும் இதுவே. 100 மில்லிமீற்றர் வில்லையைப் பத்தில் ஒரு பங்குக் குறுக்கத்திற்கு நிறுத்தினால், வில்லையிலிருந்து முகத்திற்குள்ள தூரம் ஏறக்குறைய 110 சென்ரிமீற்றர் ஆகும். 24 க்கு 36 மில்லிமீற்றர் சட்டத்தினுள் 24 க்கு 36 சென்ரிமீற்றர்ப் பரப்பு, அதாவது முழு முகமும், அடங்கும். 50 மில்லிமீற்றர் வில்லையைக் கொண்டு அதே குறுக்கத்தைப் பெற 55 சென்ரிமீற்றர் வரை நெருங்க வேண்டியதாகும்.

தலை திரும்புவதும் அவ்வாறே. முன்தோற்றத்தில் தலை 5 பாகை மட்டும் ஒருபுறம் திரும்பினாலும், காதுகளினூடே செல்லும் அச்சிலிருந்து 10 சென்ரிமீற்றர் முன்னுள்ள மூக்குநுனி நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் விலகும். உதட்டுப்பிளவு தைக்கப்பட்ட குழந்தையின் மூக்குச் சமச்சீராக உள்ளதா என ஆராய்வோர்க்கு இப்பிழை சிறிதன்று. ஆகவே முன்தோற்றம், இரு பக்கத்தோற்றங்கள், இரு சாய்தோற்றங்கள், மூக்கின் அடித்தோற்றம் ஆகியன ஒரே தூரத்திலும் ஒரே உயரத்திலும் எடுக்கப்படல் வேண்டும். வில்லை முகத்தின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். ஒளி இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். அளவுகோல் அளக்கப்படும் தளத்திலேயே இருத்தல் வேண்டும். முகம் தளர்ந்திருத்தல் வேண்டும். புன்னகை உதட்டின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் மாற்றிவிடும்.

இவையனைத்தும் பேணப்பட்டாலும் நிழற்படம் முகமாகிவிடாது. முக அளவியலில் பெரும்பணியாற்றிய லெஸ்லி பார்க்கசும் அவர்தம் துணைவரும் 1980 இல், முகத்தில் நேரே எடுத்த அளவுகளை நிழற்படத்திற் பெற்ற அளவுகளோடு ஒப்பிட்டனர். நேரே பெறத்தக்க அளவுகள் பலவற்றைப் படத்திற் பெறவே இயலவில்லை. பெற்றவற்றுள்ளும் பாதிக்குக் குறைந்தனவே நம்பத்தக்கனவாயிருந்தன. நியமத்தின் பயன் பிழையை ஒழிப்பதன்று. பிழையை ஒரே தன்மையதாக வைத்திருந்து ஒப்பீட்டுக்கு வழிசெய்வதே.

7. காலியில் கண்ட உண்மை

முகத்தை அளப்பதால் விளையக்கூடிய நன்மைக்கு நமது நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டொன்று உண்டு. உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் உடையோருக்குச் சிறுவயதிலேயே சத்திரசிகிச்சை செய்யப்படும் நாடுகளில், அவர்களுட் பலருக்கு வளர்ந்தபின் மேற்றாடை பின்வாங்கி முகத்தின் நடுப்பகுதி தட்டையாகக் காணப்பட்டது. இது பிறவிக் குறையின் விளைவா அன்றிச் சத்திரசிகிச்சை விட்டுச்சென்ற தழும்பின் விளைவா என்ற வினா நெடுங்காலம் தீராதிருந்தது. எல்லோருக்கும் சிகிச்சை கிடைக்கும் நாட்டில் இதற்கு விடை காணல் அரிது. சிகிச்சை பெறாது வளர்ந்தோரை அங்கு எளிதிற் காணவியலாது.

இலங்கையில் அத்தகையோர் பலர் இருந்தனர். 1984 இல் இலண்டனைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் முதலியோர் காலியைக் களமாகக் கொண்டு இலங்கை உதட்டு, அண்ணப்பிளவுத் திட்டத்தைத் தொடங்கினர். சிகிச்சைக்கென வந்தோரின் பல்வார்ப்புகள், தலையின் எக்ஸ்-கதிர்ப் படங்கள், நிழற்படங்கள் முதலியன ஒழுங்குறப் பதிவுசெய்யப்பட்டன. 1990 இல் மார்சும் ஹூஸ்ரனும் சிகிச்சை பெறாத வளர்ந்த ஆண்களின் முகவளர்ச்சி பற்றிய ஆய்வை வெளியிட்டனர். சிகிச்சை பெறாதோரின் மேற்றாடை இயல்பாக முன்னோக்கி வளரும் ஆற்றலை உடையது என அது காட்டிற்று. குறையின் பெரும்பகுதி பிறப்பினால் வந்ததன்று. மருத்துவரின் கையினால் வந்தது. அண்ணத்தை எப்போது, எம்முறையில், எத்துணை மென்மையாகத் தைப்பது என்பது பற்றி உலகெங்கும் மருத்துவர் சிந்திப்பதற்கு இலங்கையரின் முகங்கள் சான்றாக நின்றன.

இதன் இருபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். சரசின் சகோதரமுறையினர் காலத்தில் அளக்கப்பட்டவர் பெற்ற நன்மை யாது என வினவின் விடை கூறல் அரிது. காலியிலோ அளக்கப்பட்டவர் சிகிச்சையும் பெற்றனர். கேட்கப்பட்ட வினாவும் அவர்களைப் போன்றோரின் நன்மையைக் கருதியதே. அதே பக்கத்தோற்றம், அதே அளவுகோல், அதே தலைநிலை; ஆனால் வினா வேறு. எனினும் இவ்வாய்வு நிகழ இயன்றதே, வளர்ந்து ஆளாகும்வரை சிகிச்சை கிடையாத ஏழைகள் இந்நாட்டில் இருந்தமையால் என்பதையும் நாம் மறக்கலாகாது. உலக மருத்துவம் பெற்ற இவ்வறிவுக்கு அவர்கள் இளமையிற் கொடுத்த விலை பெரிது.

8. முடிவுரை

இன்று முகத்தை முப்பரிமாணத்திற் பதிவுசெய்யும் கருவிகள் உள்ளன. பல கமராக்கள் ஒரே நொடியில் எடுக்கும் படங்களிலிருந்து கணினி முகத்தின் மேற்பரப்பையே அமைத்துத் தருகின்றது. ஆயினும் சிறிய மருத்துவமனைகளில் கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட காலமும் இதுவேயாம். தூரமும் ஒளியும் தலைநிலையும் பேணப்படாத படங்கள் எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் அவை அளவாகா. தரையில் ஒரு கோடு, மாறாத சுவர், உயரம் மாற்றத்தக்க தாங்கி, கண்மட்டத்தில் ஒரு கண்ணாடி, ஓர் அளவுகோல் ஆகியன போதும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வேண்டுவது ஒழுங்கு.

வேறிரண்டும் வேண்டும். முதலாவது, ஒப்பிடற்குரிய அளவு. மேலைநாட்டு மக்களின் சராசரியைக் கொண்டு யாழ்ப்பாணத்துக் குழந்தையின் மூக்கையும் உதட்டையும் குறையென்று கூறுவது ரிஸ்லியின் பிழையை வேறுவடிவிற் செய்வதாகும். நமது மக்களின் இயல்பான அளவுகள் நம்மவராலேயே திரட்டப்படல் வேண்டும். அவை சாதி பிரிப்பதற்கல்ல, சிகிச்சையின் எல்லையை அறிதற்கே. இரண்டாவது, நோயாளியின் இசைவு. முகம் எழுத்தால் மறைக்கத்தக்கதன்று. கண்களைக் கருங்கோட்டால் மறைத்தாலும் ஊரார் அறிவர். படம் எதற்கு எடுக்கப்படுகின்றது, யார் பார்ப்பர், எங்கே வைக்கப்படும் என்பன அவருக்குத் தமிழிற் கூறப்பட்டு அவர் மறுக்கவும் உரிமை உடையவராதல் வேண்டும். ஹக்ஸ்லியின் விதிகளில் இல்லாதிருந்த விதி இது ஒன்றே. எல்லாவற்றினும் முதன்மையானதும் இதுவே.

1990 இல் கீரிமலை உட்பட வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் ஊர் காணாதிருந்தனர். வீட்டோடு படப்பெட்டிகளையும் இழந்தோர் அவர்களுட் பலர். தம் பெற்றோரின் முகம், தம் இளமை முகம் எவ்வாறிருந்தது என்பதற்குச் சான்றில்லாதார் ‘முன்’ என்னும் படத்தின் அருமையை நன்கறிவர். மருத்துவப் பதிவேட்டிலுள்ள நிழற்படமும் அத்தகைய உடைமையே. அதனைப் பேணுவோர் பிறர் முகத்திற்குக் காவலராவர்.

கீரிமலைக் கேணியில் மூழ்கி எழுந்த இளவரசியின் முகம் மாறியதைக் கண்டார் கூறினர், கேட்டார் நம்பினர். மருத்துவர்க்கு அத்தகைய நம்பிக்கை வாய்ப்பதில்லை, வாய்த்தலும் ஆகாது. கேணியில் இறங்குமுன் எடுத்த படமும் ஏறியபின் எடுத்த படமும் ஒரே தூரத்தில், ஒரே ஒளியில், அவளது இசைவோடு எடுக்கப்பட்டனவா என்று கேட்பதே அவர் கடன். இரண்டு படங்களும் ஒத்த நியமத்தில் அமைந்தாலன்றி, முகம் மாறியது சிகிச்சையாலா கமராவாலா என்று அவராற் கூறவியலாது. இதனை உணர்ந்து, நமது மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் முகத்தை அளக்கும் நியமங்களைத் தமிழில் வகுத்துக் கைக்கொள்ளுமாயின், நம்மவர் முகங்கள் பிறர் வகுத்த அட்டவணைகளில் அடங்கிக் கிடந்த காலம் மாறி, அவர்தம் நலனுக்கே அளக்கப்படும் காலம் தோன்றும்.